சாட்டிலைட் சொன்னால் போதுமா?

"சாட்டிலைட்டே சொல்லிடுச்சு சார், இனிமே என்ன பேச்சு?"

இந்த வாக்கியத்தை ஓரிரு ஆண்டுகளாக நம்மூரில் அடிக்கடி கேட்கிறேன். மனை வாங்கியவர் சொல்கிறார், விற்றவர் சொல்கிறார், நடுவில் நிற்கும் தரகர் இருவரையும்விடச் சத்தமாகச் சொல்கிறார். முன்பெல்லாம் வேலித் தகராறு வந்தால் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு, "அந்த வேப்பமரத்துக்கு மேற்கே கல் இருந்ததா இல்லையா?" என்று கேட்பார்கள். இப்போது பெரியவரை யாரும் கூப்பிடுவதில்லை. பிளாஸ்டிக் கூடை கவிழ்த்தது போன்ற ஒரு தலை, அதன் கீழே ஒரு கம்பு, கையில் ஒரு திரை. கம்பைத் தரையில் ஊன்றியதும் 'பிப்' என்று ஒரு சத்தம் வரும். தீர்ப்பு முடிந்தது.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. கருவி மீது குறை இல்லை, கருவி அருமையானது. எல்லை எங்கே என்று சாட்டிலைட் யாருக்கும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. 'இந்தக் கம்பின் நுனி பூமியில் இந்த இடத்தில் இருக்கிறது' என்பது மட்டுமே அது சொல்வது. அந்த இடம்தான் உங்கள் எல்லை என்று சொல்லவேண்டியவை கல்லும், பத்திரமும், பக்கத்து மனைக்காரரும். அதைவிட முக்கியமாக, கம்பு சொல்வது சரியாக இருக்கவேண்டுமானால், அதற்கு முன்னால் வேறொரு கருவியைச் சரியாக நிறுத்தியிருக்கவேண்டும். அந்த நிறுத்தும் வேலையை யாரும் பார்ப்பதில்லை, யாரும் கேட்பதில்லை.

என் தம்பி மகன் தனியாக நில அளவை வேலை செய்கிறான். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வேறு வேலை என்ன? நாலைந்து முறை அவனோடு பாகூர் பக்கமும் வில்லியனூர் பக்கமும் போய், மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். "பெரியப்பா, வெயில்ல எதுக்கு வர்றீங்க?" என்பான். வேடிக்கை பார்க்கத்தான் போனேன், கற்றுக்கொண்டு வந்தேன்.

நம் கைப்பேசியிலும் இதே சாட்டிலைட்தான் பேசுகிறது. ஆனால் கைப்பேசி மூன்று மீட்டர், ஐந்து மீட்டர் தவறு செய்யும். வரைபடத்தைத் திறந்து பாருங்கள், நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்க, நீலப் புள்ளி பக்கத்து வீட்டுச் சமையலறையில் நிற்கும். காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து சமிக்ஞை வந்துசேர எவ்வளவு நேரமானது என்பதை வைத்துத்தான் தூரம் கணக்கிடுகிறார்கள். ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரம் பிசகினால் தூரம் 30 சென்டிமீட்டர் பிசகிவிடும். வழியில் காற்று மண்டலம் வேறு சமிக்ஞையைத் தாமதப்படுத்துகிறது.

இதைச் சமாளிக்க அளவைக்காரர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. ஒன்றுக்குப் பதில் இரண்டு கருவி. ஒன்றை, இடம் ஏற்கெனவே தெரிந்த ஒரு புள்ளியில் அசையாமல் நிறுத்துகிறார்கள். அதற்குப் பெயர் பேஸ். இன்னொன்று கம்பில் ஏறி ஊர் சுற்றுகிறது, அது ரோவர். பேஸுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். சாட்டிலைட் சொல்வதற்கும் தனக்குத் தெரிந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அது ரேடியோவில் ரோவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சில கிலோமீட்டருக்குள் இரண்டுக்கும் மேலே ஒரே வானம், ஏறக்குறைய ஒரே தவறு. ஆகவே தவறு கழிந்துபோய் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கிறது. எங்கள் அலுவலகத்தில் பழைய கணக்கரை வைத்துப் புதியவரின் கூட்டலைச் சரிபார்ப்பது போலத்தான்.

அந்தப் பழைய கணக்கரே தப்பாக உட்கார்ந்திருந்தால்?

ஒரு நாள் காலை பாகூரில் நெல் வயல் ஓரம் அவன் முக்காலியை நிறுத்துவதைக் கடிகாரம் பார்த்துக் கவனித்தேன். முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. முதல் நாள் மழை பெய்திருந்தது. முக்காலியின் மூன்று காலையும் மிதித்து மிதித்து மண்ணில் இறக்கினான். ஈர மண்ணில் நிறுத்திய முக்காலி, வெயில் ஏற ஏறத் தானாகவே ஒரு பக்கம் அமுங்குமாம். பிறகு ரசமட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தான். கொத்தனார் வைத்திருப்பாரே, அதே ரசமட்டம்தான், வட்ட வடிவில். கீழே கல்லில் வெட்டிய குறிக்கு நேர் மேலே கருவியின் மையம் வரவேண்டும். அந்தக் காலத்தில் தூக்குக் குண்டு விட்டுப் பார்ப்பார்கள். இப்போது ஒரு சிறு கண்ணாடித் துளை வழியாகப் பார்க்கிறார்கள். ரசமட்டத்தைச் சரி செய்தால் மையம் நகர்ந்தது, மையத்தைச் சரி செய்தால் ரசமட்டம் நகர்ந்தது. நாலைந்து முறை மாறி மாறிச் செய்தபின் இரண்டும் சேர்ந்து நின்றன. பிறகு கருவியின் உயரத்தை டேப்பால் அளந்தான், மூன்று பக்கத்திலிருந்து மூன்று முறை. நேர் உயரமா, சாய்வு உயரமா, கருவியின் எந்தக் கோடு வரை என்பதையும் நோட்டில் எழுதினான். இதை மாற்றிப் போட்டால் அன்றைய உயரக் கணக்கு முழுவதும் போச்சு. வயலுக்கு வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடும் என்பதே மாறிவிடும்.

இவ்வளவுக்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது. கீழே இருக்கும் அந்தக் குறி பூமியில் எங்கே இருக்கிறது என்று யார் சொன்னது?

சரியான வழி, ஏற்கெனவே துல்லியமாக அளந்து எண் கொடுத்த அடையாளக் கல்லில் நிறுத்துவது, அல்லது அத்தகைய கல்லிலிருந்து மணிக்கணக்கில் அளந்து கொண்டுவருவது. ஆனால் கருவியில் ஒரு குறுக்கு வழியும் உண்டு. 'இப்போது இருக்கும் இடத்தையே எடுத்துக்கொள்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பேஸ், நம் கைப்பேசி மாதிரி தானாக ஒரு இடத்தை ஊகித்து, அதுதான் நிஜம் என்று வைத்துக்கொள்ளும். அந்த ஊகம் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி இருக்கலாம். அதன்பிறகு ரோவர் எடுக்கும் ஒவ்வொரு புள்ளியும் அதே ஒன்றிரண்டு மீட்டர், அதே திசையில் தள்ளிப் போகும்.

இதில் வேதனை என்னவென்றால், தவறு யார் கண்ணுக்கும் தெரியாது. எல்லாப் புள்ளியும் சேர்ந்து நகர்வதால் மனையின் வடிவம் கெடாது, நீள அகலம் கெடாது, பரப்பும் கெடாது. வரைபடம் பளபளவென்று இருக்கும். எண்கள் மூன்று தசமத் தானம் வரை நீளும். அடுத்த ஆண்டு பக்கத்து மனைக்காரர் வேறொரு அளவைக்காரரைக் கூப்பிட்டு, அவர் வேறிடத்தில் பேஸ் வைத்து அளக்கும்போதுதான் இரண்டு வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அல்லது நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சந்து முளைக்கும். எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் இப்படித்தான் பேச்சை நிறுத்தின. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு மறு வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இருவர் கையிலும் 'சாட்டிலைட் ரிப்போர்ட்' இருந்தது. இரண்டிலும், பேஸ் எங்கே நின்றது என்று ஒரு வரி இல்லை.

இப்போது பேஸ் இல்லாமலே அளக்கும் வழியும் வந்துவிட்டது. இந்திய நில அளவைத் துறை நாடு முழுவதும் நிரந்தர நிலையங்களைக் கட்டி வைத்திருக்கிறது. ரோவரில் ஒரு சிம் கார்டைப் போட்டால் இன்டர்நெட் வழியாகத் திருத்தம் வந்துவிடும். நல்ல ஏற்பாடு, எல்லோரும் ஒரே அடிப்படையில் அளந்தால் பாதிச் சண்டை குறையும். ஆனால் அதிலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. தென்னந்தோப்புக்குள்ளும், புளியமரத்தடியிலும், தகரக் கூரைக்குப் பக்கத்திலும் சமிக்ஞை மறையும், அல்லது எதிரொலித்து வரும். சமிக்ஞையின் அலைநீளம் சுமார் 19 சென்டிமீட்டர். சாட்டிலைட்டுக்கும் கருவிக்கும் இடையே எத்தனை முழு அலைகள் என்று கருவி கண்டுபிடித்துவிட்டால் திரையில் 'ஃபிக்ஸ்' என்று வரும். கண்டுபிடிக்கத் திணறினால் 'ஃப்ளோட்' என்று வரும். ஃப்ளோட்டில் எடுத்த புள்ளி அரை மீட்டர்கூடப் பிசகலாம். பொறுமை இல்லாதவர் அதையும் சேமித்துக்கொண்டு போய்விடுவார். கம்பு கொஞ்சம் சாய்ந்தாலும் ஆபத்துதான். இரண்டு மீட்டர் கம்பு ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் மூன்றரை சென்டிமீட்டர் போயிற்று.

(இடையில் ஒரு வேடிக்கை. ஒரு மாலை கடற்கரைச் சாலையில் காந்தி சிலை அருகே தம்பி மகன் கருவியைத் திறந்து உயரத்தைக் காட்டினான். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 90 மீட்டர் கீழே நிற்கிறோம் என்றது! கடலை அலை அலையாகக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், நனையவும் இல்லை. சாட்டிலைட் கணக்கிடும் உயரம் ஒரு வழவழப்பான கற்பனை முட்டை வடிவத்திலிருந்து எடுப்பது. நிஜக் கடல் மட்டம் புவியீர்ப்பைப் பொறுத்து மேடு பள்ளமாக இருக்கிறது. நம் பக்கத்து இந்துமாக் கடலில்தான் உலகத்திலேயே ஆழமான பள்ளம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாகச் சேர்க்கவேண்டும். 'சாட்டிலைட்டே சொல்லிடுச்சு' என்பவரை அங்கே அழைத்துப் போகவேண்டும்.)

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் மீட்டரின் கதையை ஒரு பாடமாகவே நடத்தினார் எங்கள் முசியே. புரட்சிக் காலத்தில் இரண்டு வானியல் அறிஞர்கள், தெலாம்பரும் மெஷேனும், டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை உள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர் என்று 1795-இல் சட்டமாயிற்று. நாம் பத்திரத்தில் எழுதும் 'ஆர்' என்ற அளவும் அதே சட்டத்தில் பிறந்ததுதான்: 100 சதுர மீட்டர். இவ்வளவு பாடுபட்டும் மீட்டர் 0.2 மில்லிமீட்டர் குறைந்துபோனது. பூமி எவ்வளவு தட்டை என்று அவர்கள் வைத்துக்கொண்ட கணக்கு சரியில்லை. பிறகு யாரும் மீட்டரைத் திருத்தவில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவை அப்படியே வைத்துக்கொள்வதுதான் நல்லது என்று விட்டுவிட்டார்கள். என் வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது.

ஆங்கிலேயர் பக்கத்திலும் பொறுமைசாலிகள் இருந்தார்கள். 1802 ஏப்ரலில் லாம்டன் சென்னையில் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்தபோது, 100 அடி எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும் என்று கூடாரம் போட்டு நிழலில் வைத்து, வெப்பமானியும் வைத்து அளந்தார். அவருக்காக இங்கிலாந்திலிருந்து வந்த அரை டன் எடையுள்ள தியோடலைட்டை வழியில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய்விட்டது. அது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையோடு திருப்பி அனுப்பினார்கள். (இதை நான் ஆங்கிலப் பள்ளியில் படித்த நண்பர்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு.) அதே கருவி 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது அடிபட்டு நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தட்டித் தட்டிச் சரி செய்தார். தன் கருவி எங்கே பொய் சொல்லும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி நம்முடைய பத்திரத்துக்கு வருகிறேன். புதுச்சேரிப் பத்திரம் என்றால் அதில் கதாஸ்தர் எண் இருக்கும், ரீசர்வே எண் இருக்கும், குழியிலும் பரப்பு இருக்கும், ஹெக்டேர், ஆர், சென்டியார் என்றும் இருக்கும். நம்மூர்க் குழி 576 சதுர அடி; தஞ்சைப் பக்கத்துக் குழி 144 சதுர அடி. இவ்வளவு பரம்பரைகள் ஒரே காகிதத்தில் குடியிருக்கின்றன. ஒரு சென்டியார் என்பது ஒரு சதுர மீட்டர். அதற்குக் கீழே பழைய கணக்கில் முழுமையாக்கிவிட்டார்கள். அப்படி அரை சதுர மீட்டர் விட்டுப்போனாலே, 20 மீட்டர் நீளமுள்ள மனையில் அகலம் இரண்டரை சென்டிமீட்டர் மாறும். படமோ 1:2000 என்ற அளவில் இருந்தால், அரை மில்லிமீட்டர் தடித்த மைக்கோடு தரையில் ஒரு மீட்டர் அகலத்தை விழுங்கும். சங்கிலியால் அளந்து, மையால் வரைந்த எல்லை அது. அதன்மேல் சென்டிமீட்டர் கருவியை வைத்து, "உங்க சுவர் 27 சென்டிமீட்டர் உள்ளே வந்திருக்கு" என்று சொன்னால், அந்த 27 சென்டிமீட்டர் யாருடைய திருட்டும் இல்லாமல் இருக்கலாம். பழைய கோட்டின் தடிப்பாகவும் இருக்கலாம்.

ஆனால் அந்தச் சொல்லுக்கு 'ஆக்கிரமிப்பு' என்று பெயர் வந்துவிடுகிறது. ஒரு அடி அகலம், அறுபது அடி நீளம் என்றால் 60 சதுர அடி. குழியில் பத்தில் ஒரு பங்கு. இன்றைய விலையில் அது சண்டை போடத் தகுந்த தொகைதான், மறுக்கவில்லை. பெரும்பாலும் அடிபடுவது யார்? நம் வயதுக்காரர்கள். நாற்பது ஆண்டுக்கு முன் கல்லைப் பார்த்துச் சுவர் எழுப்பிய மனிதருக்கு, எழுபத்தைந்து வயதில் நோட்டீஸ் வருகிறது. சொல்தா குடும்பங்கள் இன்னும் பாவம். பிரான்சில் இருந்துகொண்டு வீட்டை விற்க முயல்கிறார்கள், வாங்க வந்தவர் புது அளவையைக் காட்டி விலையைக் குறைக்கிறார், அல்லது பேரமே முறிந்துபோகிறது.

பிரெஞ்சுச் சிவில் சட்டத்தில் 646-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. எந்த உரிமையாளரும் பக்கத்து மனைக்காரரை அழைத்துச் சேர்ந்து எல்லைக்கல் நடலாம். செலவு இருவருக்கும் பொது. அதற்கு 'பொர்னாழ்' என்று பெயர். நான் அதில் மதிப்பது 'சேர்ந்து' என்ற அம்சத்தைத்தான். அங்கே பழைய காலத்தில் கல் நடும்போது அதன் அடியில் உடைந்த ஓட்டுத் துண்டுகளையோ கரியையோ புதைப்பார்கள். கல்லை யாராவது நகர்த்தினாலும், தோண்டிப் பார்த்தால் துண்டுகள் இருக்கும். அவற்றுக்குப் பிரெஞ்சில் பெயரே 'சாட்சி'. பிரான்சில் 1807-இல் நெப்போலியன் காலத்தில் தொடங்கிய கதாஸ்தர்கூட வரி போடத்தான். இன்றுவரை அங்கே கதாஸ்தர் படம் மட்டுமே உரிமைக்கு முடிவான சான்று ஆகாது. நம் நீதிமன்றங்களும் பத்திரத்தில் சொன்ன நான்கெல்லைக்கும் பரப்புக்கும் முரண் வந்தால் பொதுவாக நான்கெல்லைக்கே எடை கொடுத்து வந்திருக்கின்றன.

"ஐயா, கல்லை நகர்த்துறவங்க இருக்காங்களே, சாட்டிலைட்டை நகர்த்த முடியுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இரவோடு இரவாக நடக்கும் கல்லும் உண்டு. ஜேசிபி வந்தபிறகு கல் காணாமல் போவதற்கு இரவுகூடத் தேவைப்படுவதில்லை. அதனால்தான் சொல்கிறேன்: இந்தக் கருவியின் முதல் வேலை புது எல்லையைக் கண்டுபிடிப்பதாக இருக்கக்கூடாது. மிச்சம் இருக்கும் பழைய கற்கள், முச்சந்திக் கற்கள், கோயில் மூலைகள், ஏரிக்கரைக் கற்கள் எல்லாவற்றையும், அவை சாலைக்கு அடியில் போவதற்குள், துல்லியமாக அளந்து பதிவு செய்யவேண்டும். அப்போது கல் போனாலும் அதன் இடம் போகாது. ஓட்டுத் துண்டு செய்த சாட்சி வேலையை எண்கள் செய்யும். 2020-இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் கிராமக் குடியிருப்புகளை டிரோனால் படம் எடுக்கிறார்கள். நல்லது. ஆனால் டிரோன் சுவரைத்தான் பார்க்கும், மண்ணில் புதைந்த கல்லைப் பார்க்காது.

எண்களைப் பதிந்தால் தேதியும் பதியவேண்டும். நம் இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. இருபது ஆண்டில் ஒரு மீட்டர். உங்கள் வீடு, கல், கிணறு எல்லாம் சேர்ந்து போவதால் நமக்குத் தெரிவதில்லை. உலக அளவிலான எண்ணில் தெரியும். தேதி இல்லாத எண்ணைப் பேரன் எடுத்துக்கொண்டு வந்து அளந்தால், பக்கத்து வீட்டுக் கிணற்றில் எல்லை விழும்.

ஆகவே அளவைக்காரரை அழைக்கும் நம் வாசகர்கள் பணம் கொடுக்கும் முன் சில விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பேஸ் எந்தக் கல்லில் நின்றது, அல்லது எந்த நிரந்தர நிலையத்தின் திருத்தம் வந்தது? அந்தக் கல்லின் எண் எங்கிருந்து கிடைத்தது? வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் தெரிந்த வேறொரு கல்லில் கம்பை வைத்துப் பார்த்தாரா, எவ்வளவு வித்தியாசம் வந்தது? ஃப்ளோட்டில் எடுத்த புள்ளி ஏதாவது உண்டா? பக்கத்து மனைக்காரர் நின்று பார்த்தாரா? பழைய படத்தோடு வந்த வித்தியாசத்தை, 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லைப் போடாமல், வெறும் வித்தியாசமாகவே எழுதச் சொல்லுங்கள். அரசாங்கம் செய்யும் அளவையிலும் இதே விவரங்கள் படத்தின் அடியில் அச்சாகி வரவேண்டும் என்பது என் கோரிக்கை. முப்பது ஆண்டுக்கு மேல் கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஐந்து வரி கூடினால் எந்தப் படிவமும் உடைந்துவிடாது.

தம்பி மகன் இப்போது இந்த ஐந்து வரியையும் தன் வரைபடத்தின் கீழ் மூலையில் போட்டுத் தருகிறான். அதற்குக் கூடுதல் பணம் வாங்குவதில்லை. ஆனால் வேலைக்கு ஒத்துக்கொள்ளும்போதே, "காலையில அரை மணி நேரம் நான் ஒண்ணுமே அளக்காத மாதிரி இருக்கும், அவசரப்படுத்தாதீங்க" என்று சொல்லிவிடுகிறான். பக்கத்து மனைக்காரருக்கும் சேர்த்து ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்கிறான்.